ஆனிக் ரயில் ஸ்டேஷனை ஏன் மூடினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூர் நூல்காரர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மகள் இங்கிலாந்தில் நியூகாசிலில் வேலையில் இருக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வடக்கே ஒன்றரை மணி நேரம் போல கூட்டிக்கொண்டு போனாள். சின்ன ஊர். ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் நடுவில் எல், டபிள்யூ எல்லாம் வரும், ஆனால் அங்கே இருப்பவர்கள் ஆனிக் என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்குள்ளே பெரிய கோட்டை, அதில் இன்னமும் ஒரு டியூக் குடும்பம் குடியிருக்கிறது.

கோட்டையைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு இன்னொரு இடம் காட்டுகிறேன்" என்று ஒரு பழைய புத்தகக் கடைக்குள் அழைத்துப் போனாள். நாலு எட்டு வைத்ததும் தெரிந்துவிட்டது, இது கடையாகக் கட்டின கட்டிடம் இல்லை, ரயில் ஸ்டேஷன். மேலே கண்ணாடி பதித்த கூரை, அதைத் தாங்க இரும்புத் தூண்கள். கணப்பில் நிஜ நெருப்பு எரிகிறது. பழைய வெயிட்டிங் ரூமில் டீயும் சாப்பாடும் தருகிறார்கள். அலமாரிகளின் தலைக்கு மேலே தண்டவாளம் போட்டு ஒரு பொம்மை ரயில் சுற்றிச் சுற்றி வருகிறது, சின்னப் பிள்ளைகள் புத்தகத்தை விட்டுவிட்டு அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நானும் பார்த்தேன். அப்புறம் வெளியே வந்து நிஜத் தண்டவாளம் எங்கே என்று கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு முழம் கூட இல்லை. கார் நிறுத்துகிற இடம், ரோடு, கடைகள், அவ்வளவுதான். மகள் டீயை ஆற வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரயிலைக் கண்டுபிடித்த நாட்டில், இவ்வளவு அழகாக ஸ்டேஷன் கட்டின ஊரில், ரயில் பொம்மையாக மட்டும் ஓடுகிறது.

அந்த ஊரில் எட்டாயிரம் பேர் இருந்தால் அதிகம் என்று மகள் சொன்னாள். அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு அத்தனை பெரிய ஸ்டேஷன்? கட்டின பிறகு ஏன் மூடினார்கள்? இந்தக் குழுவில் ரயில்வேயில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள், அந்தப் பக்கம் வசிப்பவர்களும் இருக்கிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஈரோடு ஓய்வு ஸ்டேஷன் மாஸ்டர்:

நல்ல கேள்வி கேட்டீங்க. எனக்கு இந்த வரலாற்றில் பைத்தியம், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் புரியும். 1862-ல் மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகிற மெயின் லைன் நம்ம பக்கம் வந்தபோது கோயமுத்தூருக்குள் வரவில்லை. போத்தனூர் வழியாகப் போய்விட்டது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை லைன் போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் கிடைத்தது. இன்றைக்கு இவ்வளவு பெரிய ஜங்ஷன், பிறந்தது கிளை லைனில்.

ஆனிக்கும் அதே மாதிரிதான். 1847-ல் நியூகாசிலிலிருந்து பெரிக் போகிற லைன் போட்டபோது அது கடலோரமாக, ஊரை விட்டு விலகிப் போய்விட்டது. 1850-ல் மெயின் லைனில் இருக்கும் ஆல்ன்மவுத்திலிருந்து ஊருக்குள் ஒரு கிளை போட்டார்கள். நீளம் வெறும் 3 மைல், நம் கணக்கில் 5 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. போத்தனூரிலிருந்து கோவை ஜங்ஷன் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த பெரிய கட்டிடம் அப்போது கட்டினதில்லை. அது 1887-ல் வந்தது, நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் கட்டிடக் கலைஞர் வில்லியம் பெல் வரைந்தது. ஏன் அவ்வளவு பெரிசு என்றால் இரண்டு காரணம். ஒன்று நீங்களே சொன்ன டியூக். அவர் வீட்டுக்கு அரச குடும்பத்து விருந்தாளிகள் எல்லாம் வந்து இறங்குவார்கள், அவர்களை ஒரு கொட்டகையில் இறக்க முடியாது. இன்னொன்று, அதே 1887-ல் ஆனிக்கிலிருந்து வடமேற்கே கார்ன்ஹில் வரைக்கும் புதுசாக ஒரு லைன் திறந்தார்கள், 56 கிலோமீட்டர் போல. ஆக ஆனிக் ஒரு சந்திப்பு ஆகப்போகிறது என்று நினைத்துத்தான் கட்டினார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் முழுக்க ஆட்டுப் பட்டிகளும் மலையடிவாரமும். ஏறுகிற ஆட்கள் குறைவு. பஸ் வந்ததும் அந்தக் குறைவான ஆட்களும் போய்விட்டார்கள், 1930-லேயே கார்ன்ஹில் லைனில் பயணி வண்டியை நிறுத்திவிட்டார்கள். 1948 ஆகஸ்ட்டில் பெய்த மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய் லைன் இரண்டு துண்டானது, திரும்ப இணைக்கவில்லை. 1953-ல் ஆனிக் பக்கத்துத் துண்டையும் மூடினார்கள். சந்திப்பாக வேண்டிய ஊர் கடைசி ஸ்டேஷனாக நின்றது. மிஞ்சினது அந்த 3 மைல் மட்டும்.

அப்புறம் பீச்சிங் காலம். ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் ஒரு ரசாயனக் கம்பெனியிலிருந்து வந்து பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ஆனவர். 1963 மார்ச்சில் ஒரு அறிக்கை கொடுத்தார். அதில் மூடச் சொன்ன ஸ்டேஷன்கள் 2,363. லைன் 5,000 மைலுக்குப் பக்கம். நாடு முழுக்கக் கூச்சல். 1964-ல் தேர்தலில் நின்ற தொழிற்கட்சி மூடுவதை நிறுத்துவோம் என்று சொல்லித்தான் வந்தது, வந்த பிறகும் மூடிக்கொண்டேதான் போனார்கள். 1965-ல் பீச்சிங்கே பழைய கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டார், அதற்கப்புறமும் நிற்கவில்லை. ஆனிக் ஸ்டேஷனில் கடைசிப் பயணி வண்டி 1968 ஜனவரி. அதே வருஷம் அக்டோபரில் சரக்கும் நின்றது.

ஒரு சின்ன விஷயம், தொழில் பாசத்தில் சொல்கிறேன். நாம் எல்லாம் கையில் வைத்திருந்த அந்தத் தடித்த அட்டை டிக்கெட் ஞாபகம் இருக்கிறதா? தேதி இயந்திரத்தில் சொருகி எடுத்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும், ஓரத்தில் தேதி பதிந்திருக்கும். முப்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவன் நான். அந்த டிக்கெட்டைக் கண்டுபிடித்த தாமஸ் எட்மண்ட்சன் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். நியூகாசில்–கார்லைல் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனில், 1830-களில். அதாவது உங்கள் மகள் இருக்கிற ஊரின் லைனில். அதற்கு முன்னால் ஒவ்வொரு டிக்கெட்டையும் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அடுத்த முறை போனால் அந்தப் பக்கம் போகிற வண்டியில் ஒருக்கா ஏறிவிட்டு வாருங்கள்.

கோவை டு நியூகாசில்:

அண்ணா, ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா சொன்னதற்கு மேல் வரலாறு சொல்ல எனக்குத் தெரியாது. நான் இங்கே பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

புத்தகக் கடை 1991-ல் ஆரம்பித்தது, ஒரு தம்பதி நடத்துவது. ஸ்டேஷன் மூடின பிறகு அந்தக் கட்டிடத்தில் அந்தக் கணவர் ஒரு சின்னத் தயாரிப்புப் பட்டறை வைத்திருந்தார், முன்பக்கம் சும்மா கிடக்கிறதே என்று மனைவி பழைய புத்தகம் போட ஆரம்பித்தார். நம் புத்தகத்தைக் கொடுத்து அதன் மதிப்புக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். 2000-ல் ஏலத்தில் வாங்கின ஒரு பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு சிவப்புச் சுவரொட்டி கிடைத்தது. 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' என்று கிரீடம் போட்டிருக்குமே, டீ கப்பிலிருந்து டீ-ஷர்ட் வரைக்கும் எல்லாவற்றிலும் வருகிறதே, அதுதான். 1939-ல் போருக்காக அச்சடித்து, பெரும்பாலும் ஒட்டாமலே கூழாக்கிவிட்ட சுவரொட்டி. அது உலகம் சுற்றக் கிளம்பினது இந்த ஸ்டேஷனிலிருந்து. அண்ணா திருப்பூர் என்பதால் சொல்கிறேன், அந்த வாசகத்தை நம்ம ஊர் பனியன் கம்பெனிகளில் எத்தனை ஆயிரம் துணியில் அடித்திருப்பார்களோ!

ஆனால் நீங்கள் கேட்டது தண்டவாளத்தைப் பற்றி. அதற்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது.

நல்ல செய்தி, ஆல்ன் வேலி ரயில்வே என்று ஒரு தன்னார்வலர் கூட்டம் அந்த 3 மைலைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள், மெக்கானிக்குகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாரும் வார இறுதியில் வந்து மண் வெட்டுகிறார்கள், ஸ்லீப்பர் சுமக்கிறார்கள். 2012-லிருந்து மக்களை ஏற்றுகிறார்கள். 2020-ல் கிரீன்ரிக் என்ற நிறுத்தம் வரைக்கும் நீட்டினார்கள். நான் என் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சின்ன எஞ்சின், இரண்டு பெட்டி, மெதுவாகப் போகும். டிக்கெட் கொடுத்த பெரியவர் என் பையனுக்கு எஞ்சினில் கரி போடுகிற இடத்தைத் திறந்து காட்டினார்.

கெட்ட செய்தி, அந்த ரயில் நீங்கள் பார்த்த ஸ்டேஷனுக்கு வரவே வராது. லைன் மூடின பிறகு ஏ1 நெடுஞ்சாலைக்கு ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போட்டார்கள். அது பழைய ரயில் தடத்தை வெட்டிக்கொண்டு போகிறது. அதனால் தன்னார்வலர்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கமே, ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை ஓரத்தில் லயன்ஹார்ட் என்று புது ஸ்டேஷன் கட்டிக்கொண்டார்கள். 1887-ல் கட்டின ஸ்டேஷன் ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம், நடுவில் நாலு வழிச்சாலை.

கணக்கு எழுதுபவர், கரூர்:

எல்லாரும் உருக்கமாக எழுதுகிறீர்கள், எனக்கும் ரயில் பிடிக்கும். ஆனாலும் ஒரு கேள்வி. நட்டத்தில் ஓடுகிற லைனை எத்தனை நாளைக்கு ஓட்டுவது? அது யாரோ கட்டுகிற வரிப்பணம்தானே? 1962-ல் பிரிட்டிஷ் ரயில்வேக்கு ஒரு வருஷ நட்டம் 10 கோடி பவுண்டுக்கு மேல் என்று படித்திருக்கிறேன். பீச்சிங் அறிக்கையிலேயே இருக்கிறது, மொத்த லைனில் மூன்றில் ஒரு பங்கு சுமந்தது பயணிகள் போக்குவரத்தில் நூற்றுக்கு ஒன்றுதான். அதை அப்படியே வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆல்ன்மவுத்தில் மெயின் லைன் இன்றைக்கும் இருக்கிறது, லண்டன்–எடின்பரோ வண்டிகளே சில நிற்கின்றன. இறங்கி 3 மைல் பஸ்ஸில் போனால் என்ன குறைந்துவிடும்? ஐயா கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

ஈரோடு ஓய்வு ஸ்டேஷன் மாஸ்டர்:

கோபம் எதற்குங்க தம்பி. நீங்கள் சொன்ன புள்ளிவிவரம் எல்லாம் சரி. சில லைன்களை மூடித்தான் ஆகணும் என்று நானும் ஒத்துக்கொள்வேன், கார்ன்ஹில் லைனை 1930-ல் நிறுத்தினது எனக்குத் தப்பாகப் படவில்லை. ஆனால் எண்ணின விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

1961 ஏப்ரலில் ஒரு வாரம். அந்த ஒரே ஒரு வாரத்தில் எந்த லைனில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி நாடு முழுமைக்கும் வரைபடம் போட்டார்கள். அப்புறம் எந்த ஸ்டேஷனில் எவ்வளவு டிக்கெட் விற்றது என்று பார்த்தார்கள். இதை நம்ம மேட்டுப்பாளையத்துக்கு வைத்துப் பாருங்கள். ஊட்டி மலை ரயிலில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மலை ஸ்டேஷன்களில் டிக்கெட் வாங்குகிறார்கள்? சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதையும் மழைக்காலத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் கடற்கரை ஊர்களுக்கு அதுதான் நடந்தது. கோடையில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள், எல்லாரும் டிக்கெட் வாங்கினது சொந்த ஊரில். அந்தக் கடற்கரை ஸ்டேஷன் கணக்கில் வருமானம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போன நம்ம மலை ரயில் அந்தத் தராசில் நின்றிருந்தால் ஒரு நாள் தாங்கியிருக்காது. 2005-ல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டீர்கள். ஸ்டேஷனில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், வண்டி மாறச் சொன்னாலே பாதிப் பேர் வேறு வழி தேடுவார்கள். கையில் பை, தோளில் பிள்ளை, வெளியே மழை. அங்கே கார் வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தே காரில் கிளம்பிவிட்டார்கள், ஆக மெயின் லைனுக்குப் போக வேண்டிய ஆளும் போனான். கிளை லைனுக்குப் பதிலாக விட்ட பஸ்களையும் பல இடத்தில் சில வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். ஓடைத் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆறு ஏன் வற்றுகிறது என்று கேட்ட மாதிரிதான். அந்த நட்டமும் தீரவில்லை.

பொள்ளாச்சி தோப்புக்காரர்:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதினதில்லை. இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்புச்சி (அம்மாவைப் பெற்றவர்) தோப்பு பொள்ளாச்சி லைன் ஓரத்தில். 1915-ல் போட்ட மீட்டர் கேஜ், போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கிலோமீட்டர். தோப்பிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு சின்ன ஸ்டேஷன். ஓடு வேய்ந்த ஒரு அறை, ஒரு கல் பெஞ்சு, பெரிய புளியமரம். வெள்ளென கோயமுத்தூர் போகிற வண்டிக்குப் பால்கேனோடு நாலைந்து பேர், கீரைக்கட்டு வைத்துக்கொண்டு பாட்டிமார், காலேஜ் பிள்ளைகள். வண்டி வருவதற்கு முன்னால் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்போம், அப்புச்சி பார்த்தால் உதைப்பார். டிரைவர் கையை நீட்டி ஒரு பெரிய வளையத்தை வீசுவார், பிளாட்பாரத்தில் நிற்பவர் இன்னொன்றைத் தூக்கிக் கொடுப்பார், வண்டி நிற்கிறதற்கு முன்னாலேயே அந்தக் கைமாற்று நடக்கும். அந்த வளையத்தில் தொங்குகிற தோல் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நான் வளர்ந்துவிட்டேன்.

2009 வாக்கில் பிராட்கேஜ், அதாவது அகலத் தண்டவாளம், ஆக்குவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். ஏறக்குறைய எட்டு வருஷம். அப்புச்சி அந்த எட்டு வருஷத்துக்குள் காலமாகிவிட்டார். தண்டவாளத்தைப் பிடுங்கின பிறகு அந்தத் தடத்தில் ஆடு மேய்த்தார்கள், வேலிக்காத்தான் முளைத்தது, சில இடத்தில் கழிவு கொட்டினார்கள். இனிமேல் வராது என்றுதான் ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரு தைரியம் இருந்தது. ஏனென்றால் தடத்தின் இரண்டு பக்கமும் ரயில்வே எல்லைக்கல் அப்படியே நின்றது. எங்கள் தோப்புக்கு ஒட்டின கல்லை நானே புல் செதுக்கி வைத்திருந்தேன். 2017-ல் வண்டி வந்தது. எங்கள் சின்ன ஸ்டேஷன் திரும்ப வரவில்லை, அந்த வருத்தம் இருக்கிறது, இப்போது கிணத்துக்கடவு போய்த்தான் ஏறணும். ஆனாலும் லைன் வந்தது.

அந்தக் கோவைத் தம்பி எழுதினதைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான். ஆனிக்கில் கட்டிடத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், ரயில் போன நிலத்தை விட்டுவிட்டார்கள். எங்களுக்கு நேர்மாறு. கட்டிடம் போனது, நிலம் நின்றது. அந்த எட்டு வருஷத்தில் எங்கள் தடத்தின் மேல் ஒரு புறவழிச்சாலை ஏறியிருந்தால் இன்றைக்கு நானும் ஏதோ ஒரு பொம்மை ரயிலைத்தான் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருப்பேன்.

ஈரோடு ஓய்வு ஸ்டேஷன் மாஸ்டர்:

அந்தத் தோல் பைக்குள் ஒரு இரும்புக் குண்டுங்க. எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு. எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் செல்லும் என்று அதில் பொறித்திருக்கும். அது டிரைவர் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அந்த ஒற்றைத் தண்டவாளம் அவருடையது. ஒரு குண்டு வெளியே இருக்கும்போது இயந்திரம் இன்னொரு குண்டைக் கொடுக்காது, அதனால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வர வழியில்லை. ராத்திரி மழையில் அந்த வளையம் முழங்கையில் விழும்போது தோள்பட்டை வரைக்கும் அதிரும். உங்கள் ஸ்டேஷனில் அதைத் தூக்கிக் கொடுத்தவர் என் மாதிரி ஒருவர்தான்.

கோவை டு நியூகாசில்:

தோப்புக்கார அண்ணா சொன்னது இங்கேயே நிரூபணம் ஆகியிருக்கிறது. நியூகாசிலிலிருந்து ஆஷிங்டன் என்ற ஊருக்கு ஒரு லைன், 29 கிலோமீட்டர், 1964-ல் பயணி வண்டியை நிறுத்தினது. ஆனால் அது நிலக்கரிப் பக்கம், அதனால் சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன, தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை. 60 வருஷம் கழித்து 2024 டிசம்பர் 15-ல் திரும்பப் பயணி வண்டி விட்டார்கள். அன்றைக்கு நான் போயிருந்தேன். குளிரில், விடிகிறதற்கு முன்னால், பிளாட்பாரம் முழுக்க ஜனம். 1964-ல் கடைசி வண்டியில் போன ஆட்களே சிலர் வந்திருந்ததாகப் பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதே சமயம் ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே போகிற லைன், 1969-ல் மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். 2015-ல் அதில் 30 மைல் அளவுக்கு மட்டும் திரும்பப் போட ஆன செலவு ஏறக்குறைய 29 கோடி பவுண்டு. நடுவில் வீடு கட்டியிருந்தார்கள், ரோடு போட்டிருந்தார்கள், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது.

கணக்கு எழுதுபவர், கரூர்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். வண்டியை நிறுத்துவது ஒரு முடிவு, நிலத்தை விற்பது வேறு முடிவு. நான் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாவதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதை மாற்ற 29 கோடி ஆகிறது. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

திருப்பூர் நூல்காரர்:

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி இது அத்தனையையும் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் வரைபடத்தைத் திறந்துவிட்டாள். மேலிருந்து எடுத்த படத்தில் ஆல்ன்மவுத்திலிருந்து ஆனிக் வரைக்கும் மரவரிசையாக ஒரு கோடு இன்னமும் தெரிகிறதாம், வயல்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து வந்து, ஏ1 ரோட்டில் முட்டி நின்றுவிடுகிறதாம்.

நவம்பரில் திரும்பப் போகிறேன். லயன்ஹார்ட் ஸ்டேஷனிலிருந்து அந்தச் சின்ன வண்டியில் ஏறி, இறங்கி, ரோட்டைத் தாண்டிப் புத்தகக் கடை வரைக்கும் நடந்தே போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கோவைத் தம்பி, நவம்பரில் வண்டி ஓடுமா, எந்த நாளில் ஓடும் என்று மட்டும் ஒருக்கா விசாரித்துச் சொல்லுங்கள். தோப்புக்கார அண்ணா, உங்கள் எல்லைக்கல்லை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அங்கே மண் வெட்டுகிற பெரியவர்களிடம் காட்டணும்.